இரண்டு முகடுகள்: அயனி மோதலில் உடையும் கொத்துகளைப் படமாக்கும் முறை எதைக் காட்டுகிறது?

ஒரு மூலக்கூறின் வடிவத்தை அறிய அதை உடைத்தால் போதும் என்பது கூலூம் வெடிப்புப் படமாக்கலின் மூல வாதம். அணுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் எலக்ட்ரான்களை மிகக் குறைந்த நேரத்தில் பறித்துவிட்டால், எஞ்சுபவை நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள் மட்டுமே. அவை ஒன்றையொன்று விலக்கிச் சிதறும். ஒவ்வொரு துண்டின் வேகத்தையும் திசையையும் அளந்து கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், உடைவதற்கு முன் எந்த அணு எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். 1989இல் வேகர், நாமன், கான்டர் மூவரும் ‘சயின்ஸ்’ இதழில் இந்த வாதத்தை விரிவாக முன்வைத்தார்கள். மூலக்கூறு அயனிகளை மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு முடுக்கி, மிக மெல்லிய படலத்தின் வழியே செலுத்துவது அவர்கள் வழி. படலத்துக்குள் நுழைந்ததும் பிணைப்பு எலக்ட்ரான்கள் உரிந்துபோகும். மறுபக்கம் வெளிவருபவை வெற்று அயனிகள்.

அந்த ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டதுதான் இன்றைய அயனி மோதல் ஆய்வு. இப்போது மூலக்கூறு ஏறக்குறைய அசைவற்று நிற்கிறது. அயனி வந்து மோதுகிறது. ஹார்ஸ்ட் ஷ்மிட்-போக்கிங், ரைன்ஹார்ட் டோர்னர், யோவாகிம் உல்ரிச், ராபர்ட் மோஷாமர் ஆகியோர் ஜெர்மனியில் வளர்த்தெடுத்த கோல்ட்ரிம்ஸ் கருவி இதைச் சாத்தியமாக்கியது. ‘வினை நுண்ணோக்கி’ என்றும் அதை அழைப்பார்கள். பிறகு பிரான்சின் கான் நகரிலும் சீனாவின் லான்ஜோவிலும் இத்துறை செழித்தது. இந்தக் குழுக்கள் விரும்பித் தேர்ந்துகொண்ட இலக்குகளில் ஒன்று சிறு கொத்துகள்: இரண்டு ஆர்கான் அணுக்கள் சேர்ந்த டைமர், நியான் டைமர், நைட்ரஜன் மூலக்கூறோடு ஓர் ஆர்கான் ஒட்டிய கூட்டு போன்றவை.

வலுவான வேதிப்பிணைப்புள்ள மூலக்கூறுகளில் மூல வாதம் நன்றாகவே நிற்கிறது. 2013இல் ஹைடல்பர்க் குழு ஒன்று, படலத்தில் உரிக்கும் அதே பழைய முறையைக் கொண்டு, ஒரு சிறிய எபாக்சைடு மூலக்கூறு இடக்கையா வலக்கையா என்பதையே துண்டுகளிலிருந்து நேரடியாக நிறுவியது. இதைப் பெரிய வெற்றியாகவே கருதுகிறேன். கேள்வி வேறிடத்தில் எழுகிறது. வான்டர் வால்ஸ் விசையால் மட்டும் தொட்டும் தொடாமலும் நிற்கும் கொத்துகளை, ஒன்றிரண்டு எலக்ட்ரான்களை மட்டும் பறித்து உடைக்கும்போதும் அந்த வாதம் செல்லுமா? துண்டுகளின் ஆற்றலில் நாம் வாசிப்பது கொத்தின் வடிவமா, அல்லது அடிபட்ட பிறகு அதற்குள் நடந்ததன் பதிவா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத கட்டுரைகள் இன்றும் வருகின்றன. பிரித்துப் பார்த்தால்தான் இந்த முறையின் உண்மையான பெருமை எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

முதலில் கருவி. உயர் அழுத்தத்தில் இருக்கும் வளியைச் சில பத்து மைக்ரோமீட்டர் அகலத் துளை வழியே வெற்றிடத்துக்குள் பீச்சுகிறார்கள். விரியும் வளி சில கெல்வின் அளவுக்குக் குளிர்கிறது. அந்தக் குளிரில் அணுக்களில் ஒரு சிறு பங்கு இரண்டு மூன்றாக ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பீச்சைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அயனிக் கற்றை போகிறது. மோதலில் பிறந்த துண்டுகளை ஒரு மெல்லிய மின்புலம் இழுத்து, உள்ளங்கை அளவு நுண்துளைத் தகட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தகட்டில் எந்த இடத்தில் விழுந்தது, எப்போது விழுந்தது என்ற இரண்டு செய்திகளிலிருந்தும் துண்டின் உந்தம் மூன்று திசைகளிலும் கிடைத்துவிடும். ஒரே மோதலில் பிறந்த துண்டுகள் அனைத்தையும் ஒரே நிகழ்வாகச் சேர்த்துப் பதிவதுதான் இதன் உயிர். ஆய்வகத்தில் இதை உடனிகழ்வு அளவீடு என்பார்கள்.

உடனிகழ்வுக்கு விலை உண்டு. சாதாரண நுண்துளைத் தகடு, தன்மேல் விழும் துகள்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத்தான் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும் வாய்ப்பு 36 விழுக்காடு. மூன்று என்றால் 22. ஐந்து என்றால் 8 விழுக்காடுகூட இல்லை. துளைகளின் வாயைப் புனல்போல் அகலமாக்கிய புதிய தகடுகள் 90 விழுக்காடு வரை பிடிக்கும். அவற்றில் ஐந்து துண்டுகளின் வாய்ப்பு 59 விழுக்காடாக உயர்கிறது. கொத்து பெரிதாகப் பெரிதாக முழுமையான நிகழ்வுகள் அரிதாகின்றன. டைமரையும் மூன்றணு டிரைமரையும் பற்றி இத்துறை உறுதியோடு பேசுவதற்கும், பெரிய கொத்துகளைப் பற்றித் தயங்கிப் பேசுவதற்கும் இந்த எளிய பெருக்கல் கணக்கு ஒரு காரணம்.

இனி ஆர்கான் டைமர். இதில் இரண்டு அணுக்களுக்கும் இடையே ஏறக்குறைய 3.8 ஆங்ஸ்ட்ராம் தூரம். அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் 12 மில்லி எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. இரண்டு அணுக்களிலிருந்தும் ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பறித்தால், கூலூம் விதிப்படி 14.4ஐ (எலக்ட்ரான் வோல்ட், ஆங்ஸ்ட்ராம் அலகுகளில் அவ்விதியின் மாறிலி) 3.8ஆல் வகுக்கக் கிடைக்கும் 3.8 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலோடு அவை பிரியவேண்டும். அதாவது பிணைப்பைப்போல் முந்நூறு மடங்கு ஆற்றல். ஒவ்வொரு அயனியும் நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிர்த் திசையில் பறக்கும். பீச்சில் தனி ஆர்கான் அணுக்கள்தான் மிகுதி என்றாலும் குழப்பமில்லை; தனி அணுவிலிருந்து இரண்டு ஆர்கான் அயனிகள் வர வழியே கிடையாது. டைமரைத் தேடிப்பிடிக்கும் வேலையை உடனிகழ்வே செய்துவிடுகிறது.

2010இல் மட்சுமோட்டோவும் கான் நகரக் குழுவினரும், ஒன்பது எலக்ட்ரான்களை இழந்த ஆர்கான் அயனியை 135 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இந்த டைமர்மீது மோதவிட்டார்கள். அந்த அயனி ஒரு ஃபெம்டோ நொடியில் 8 ஆங்ஸ்ட்ராம் கடக்கும். டைமரின் ஓர் அதிர்வுக்கு ஒரு பிக்கோ நொடிக்கு மேல் ஆகும். ஆகவே அயனி வந்து போகும் நேரத்தில் அணுக்கள் நகர்ந்திருக்கவே முடியாது. கோட்பாட்டின் முதல் நிபந்தனை, அதாவது பறிப்பது அணுக்களின் அசைவைவிட வேகமாக நடக்கவேண்டும் என்பது, நூறு விழுக்காடு நிறைவேறியிருக்கிறது. இந்த இடத்தில் அயனிக்கு நிகர் அயனிதான். சாதாரண லேசர் துடிப்பு எதுவும் இவ்வளவு விரைவில் இவ்வளவு எலக்ட்ரான்களை உரித்துவிடுவதில்லை.

ஆனாலும் இரண்டு ஒற்றை மின்னேற்ற அயனிகளாக உடையும் நிகழ்வுகளில் ஒரு முகடு வரவில்லை, இரண்டு வந்தன. ஒன்று எதிர்பார்த்தபடி 3.8 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி. மற்றது 5.3 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி. கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் இரண்டாவது முகடு 2.7 ஆங்ஸ்ட்ராம் தூரத்தைத் தருகிறது. அப்படியொரு இறுகிய டைமர் அந்தப் பீச்சில் கிடையாது. இயற்கையில் நடுநிலை ஆர்கான் அணுக்கள் அவ்வளவு நெருங்கி நிலையாக நிற்பதே இல்லை.

நடந்தது இதுதான். சில மோதல்களில் அயனி இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே அணுவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அருகில் இருக்கும் அணு நடுநிலையில்தான் இருக்கிறது. ஆகவே விலக்கு விசை இல்லை. மாறாக, இரட்டை மின்னேற்றம் கொண்ட அணு தன் அண்டை அணுவின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. டைமர் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கிய நிலையில் ஓர் எலக்ட்ரான் நடுநிலை அணுவிலிருந்து மின்னேற்ற அணுவுக்குத் தாவுகிறது. மிஞ்சும் ஆற்றல் புறஊதா ஒளியாக வெளியேறுகிறது. அந்தக் கணத்தில்தான் இரண்டும் ஒற்றை மின்னேற்ற அயனிகளாகி, குறைந்த தூரத்திலிருந்து கூடுதல் ஆற்றலோடு பிரிகின்றன. இதை ஒளியுமிழ் மின்னேற்ற மாற்றம் என்பார்கள். ஒளி உமிழ்வது அணு அசைவோடு ஒப்பிட்டால் மிக மெதுவான வேலை. சுருங்குவதற்கு டைமருக்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிடுகிறது.

மூல வாதத்தில் எது சறுக்கியது என்று கவனிக்க வேண்டும். பறிப்பது வேகமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை சறுக்கவில்லை. பறித்த உடனே எஞ்சுவது கூலூம் விலக்கு மட்டுமே என்ற இரண்டாவது நிபந்தனைதான் சறுக்கியது. முதலாவதை ஆய்வாளர் கட்டுப்படுத்தலாம். வேகமான அயனியைத் தேர்ந்தால் போதும். இரண்டாவது அவர் கையில் இல்லை. எலக்ட்ரான்கள் எந்த அணுவிலிருந்து போயின என்பதை மோதல்தான் முடிவு செய்கிறது. ஒரே வகைத் துண்டுகள், இரண்டு வேறு வரலாறுகள். 5.3 முகட்டை ஒளியுமிழ் மின்னேற்ற மாற்றம் என்று அடையாளம் காண, ஆர்கான் டைமரின் ஆற்றல் வளைவுகளைப் பற்றிய கோட்பாட்டு அறிவு முன்கூட்டியே வேண்டியிருந்தது. ஒளியால் அயனியாக்கிய முந்தைய சோதனைகளில் இதே மாற்றத்தைக் கண்டிருந்த அனுபவமும் வேண்டியிருந்தது. துண்டுகள் தாமாகவே அதைச் சொல்லவில்லை.

இது அந்தச் சோதனையின் குறை என்று நான் எண்ணவில்லை. அதன் பெறுமதியே இங்குதான் இருக்கிறது. எந்த அணுவிலிருந்து எலக்ட்ரான்கள் போயின என்பதை அந்த இரண்டாவது முகடு காட்டிக்கொடுத்துவிட்டது. நைட்ரஜன் போன்ற வேதிப்பிணைப்புள்ள மூலக்கூறில் எலக்ட்ரான்கள் இரு அணுக்களுக்கும் இடையே நொடிப்பொழுதில் பரவிவிடும். யாருடையது பறிபோனது என்ற கேள்விக்கே பொருளில்லை. ஆர்கான் டைமரில் அவ்வாறு பரவ வழியில்லாததால், மோதலின் தடயம் அணுவுக்கு அணு தனியாகத் தங்கிவிடுகிறது. ஒருபக்கமாகச் சாய்ந்த இந்தப் பறிப்பைத்தான் அந்தக் கட்டுரை தலைப்பிலேயே முன்னிறுத்தியது. பிணைப்பு நீளத்தை அளக்க இந்தக் கருவியே வேண்டியதில்லை. அது நிறமாலை ஆய்விலிருந்து பல பத்தாண்டுகளாகத் தெரிந்த எண். மின்னேற்றம் எங்கே விழுந்தது என்பதை வேறெந்த முறை இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கும்?

அயனி மோதலுக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. லேசர் ஒளியை எங்கே குவிக்கலாம், எத்திசையில் அதிரவைக்கலாம் என்பது நம் கையில். அயனி டைமருக்கு எவ்வளவு அருகில் கடந்தது, எந்தப் பக்கமாகக் கடந்தது என்பது நம் கையில் இல்லை. ஒவ்வொரு மோதலும் வேறு மாதிரி. எல்லாவற்றையும் கலந்து எடுத்த சராசரியிலிருந்து எதை நம்புவது? நியாயமான கேள்வி. இதற்கான பதிலை இஸ்கந்தரும் கான் குழுவினரும் 2014இல் கொடுத்தார்கள். துண்டுகளை மட்டும் பார்க்காமல், மோதிவிட்டுப் போன அயனி எந்தக் கோணத்தில் விலகியது என்பதையும் சேர்த்து அளந்தார்கள். விலகிய கோணத்துக்கும் டைமர் நின்ற திசைக்கும் வலுவான தொடர்பு இருந்தது. அயனி தனக்கு அருகில் இருக்கும் அணுவிடமிருந்தே அதிகம் பறிக்கிறது. இரண்டு அணுக்களையும் அது வேறுபடுத்திப் பார்க்கிறது. டைமரை இரண்டு தனித்தனி அணுக்களாக வைத்துச் செய்த எளிய கணக்கீட்டோடும் இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம்மால் கட்டுப்படுத்த முடியாத ஒன்றை அளந்துவிட முடியுமானால் அந்தக் குற்றச்சாட்டின் பாதி வலு போய்விடுகிறது. மீதிப் பாதி, அந்தக் கோணத்தை அளக்காத சோதனைகளுக்கு அப்படியே பொருந்துகிறது.

இதே குழு 2015இல் நியான் டைமரை எடுத்துக்கொண்டு செய்த வேலை, இத்துறையில் நான் மிக உயர்வாக மதிக்கும் சோதனைகளுள் ஒன்று. அதைப் புரிந்துகொள்ள 1997க்குப் போகவேண்டும். அந்த ஆண்டில் செடர்பாம், சோபெலி, டரான்டெல்லி ஆகியோர் கோட்பாட்டளவில் ஒன்றைச் சொன்னார்கள். ஓர் அணுவின் உட்கூட்டில் வெற்றிடம் விழுந்து, அதை நிரப்பக் கிடைக்கும் ஆற்றல் தன் எலக்ட்ரானையே வெளித்தள்ளப் போதவில்லை என்றால், அந்த ஆற்றலை அண்டை அணுவுக்குக் கைமாற்றி அதன் எலக்ட்ரானை வெளித்தள்ளலாம். அணுக்களிடைக் கூலூம் சிதைவு என்பது இதன் பெயர். 2003இல் நியான் கொத்துகளில் இதற்கு முதல் சோதனைச் சான்று கிடைத்தது. 2004இல் நியான் டைமரில் உடனிகழ்வு முறையிலேயே துலக்கமாகப் பார்த்தார்கள்.

நியானின் கணக்கு தெளிவானது. உட்கூட்டு எலக்ட்ரானைப் பறிக்க 48.5 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும்; வெளிக்கூட்டுக்கு 21.6. வெற்றிடம் நிரம்பும்போது 26.9 கிடைக்கிறது. தன்னிடமிருந்தே இரண்டாவது எலக்ட்ரானைத் தள்ள ஏறக்குறைய 41 வேண்டும், முடியாது. அண்டை அணுவிடமிருந்து தள்ள 21.6 போதும். மிச்சம் 5.3. அதில் 3.1 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நிற்கும் இரண்டு அயனிகளின் விலக்கு 4.6ஐ எடுத்துக்கொள்ள, எலக்ட்ரானுக்கு மிஞ்சுவது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. மிக மெதுவான எலக்ட்ரான்.

இப்போது துண்டுகளை மட்டும் வைத்து வாசிக்க முயன்றால் என்ன ஆகும்? அயனி ஆளுக்கொரு எலக்ட்ரானை நேரடியாகப் பறித்தாலும் 4.6 எலக்ட்ரான் வோல்ட்டில் முகடு வரும். அணுக்களிடைச் சிதைவு நடந்தாலும் ஏறக்குறைய அதே 4.6இல் வரும். ஆர்கானில் இரண்டு வரலாறுகள் இரண்டு முகடுகளாகப் பிரிந்து நின்றன. இங்கே இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. வடிவத்தைக் கேட்டால் துண்டுகள் சரியான விடை சொல்லும். நடந்ததைக் கேட்டால் வாய் திறக்காது.

வழக்கு தீர்ந்தது மோதிவிட்டுப் போன அயனியிடம். குழு அனுப்பியது மூன்று எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அயனி. அது ஓர் எலக்ட்ரானை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது. ஆனால் டைமர் இரண்டை இழந்திருக்கிறது. அப்படியானால் இன்னொரு எலக்ட்ரான் எங்கோ தனியாகப் பறந்திருக்க வேண்டும். ஆக்சிஜன் இரண்டைப் பறித்து, பிறகு ஒன்றைத் தானே உதறிவிட்டிருக்கலாம் என்ற மாற்று விளக்கத்தையும் அவர்கள் விடவில்லை. அணுக்களிடைச் சிதைவு அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு மிகுதி என்று காட்டினார்கள். மெதுவான மோதலில் உட்கூட்டிலிருந்து ஒற்றை எலக்ட்ரான் பறிபோவது மிக அரிது என்றே அதுவரை எண்ணியிருந்தார்கள். ஆர்கானின் ஒன்பது மின்னேற்ற அயனியையும் செனானின் இருபது மின்னேற்ற அயனியையும் அனுப்பியபோது அந்த நிகழ்வு தென்படவே இல்லை. குறைந்த மின்னேற்ற அயனிக்கே உரிய குணம் அது என்பதும் அதன் காரணமும் அப்போதுதான் வெளிப்பட்டன. இதைவிட நேர்மையான வாதமுறையை ஒரு சோதனையில் எதிர்பார்க்க முடியாது: மாற்று விளக்கத்தைத் தானே முன்வைத்து, அதற்கு எண்ணும் கொடுத்து, பிறகு ஒதுக்குவது.

இரண்டுக்கு மேற்பட்ட துண்டுகள் வரும்போது சிக்கல் வேறு வகையில் முற்றுகிறது. மூலக்கூறுகள் எப்போதும் நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்ததுபோல் ஒரே கணத்தில் சிதறுவதில்லை. 2010இல் பிராங்க்பர்ட் குழு, எட்டு எலக்ட்ரான் இழந்த ஆர்கான் அயனியைக் கொண்டு கார்பன் டைஆக்சைடிலிருந்து மூன்று எலக்ட்ரான்களைப் பறித்தது. சில நிகழ்வுகளில் மூன்று அயனிகளும் ஒன்றாகப் பிரிந்தன. வேறு சிலவற்றில் முதலில் ஓர் ஆக்சிஜன் அயனி மட்டும் போனது. எஞ்சிய கார்பன் மோனாக்சைடு அயனி சுழன்றபடி சற்று வாழ்ந்து, பிறகு உடைந்தது. நியூட்டன் வரைபடத்தில் முதல் ஆக்சிஜனின் உந்தத்தை ஓர் அம்பாகக் கிடைமட்டத்தில் வைத்து மற்ற இரண்டையும் மேலும் கீழுமாகக் குறித்தால், ஒன்றாகப் பிரிந்தவை இரண்டு அடர்ந்த திட்டுகளாக விழுகின்றன. படிப்படியாக உடைந்தவை ஒரு வட்ட வில்லாக நீள்கின்றன. துண்டு எத்திசையில் நின்றிருந்தபோது உடைந்தது என்பதை அது சுழன்ற நேரம் அழித்துவிடுவதால் வரும் வில் அது. அந்த வில்லுக்குள் மூலக்கூறின் ஆதி வடிவம் தேடுவது வீண். இரு வகையும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதியில் எது எது என்று பிரிப்பதற்கு 2018இல்தான் அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு முறையான வழி வகுத்தார்கள். அதற்கு முந்தைய மூன்று துண்டு ஆய்வுகள் தரும் விகிதங்களை நான் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்வேன்.

கொத்துகளில் இன்னும் வியப்பான ஒன்று நடக்கிறது. நைட்ரஜனும் ஆர்கானும் சேர்ந்த கொத்தை லான்ஜோ ஆய்வாளர்கள் உள்ளிட்ட சீனக் குழு ஒன்று அயனியால் தாக்கி, 2020இல் முடிவை வெளியிட்டது. வெளிவந்த துண்டுகளில் ஒரு நைட்ரஜன் அயனியும், நைட்ரஜனும் ஆர்கானும் ஒட்டிய ஓர் அயனியும் இருந்தன. நைட்ரஜனின் மும்மைப் பிணைப்பு அறுந்து, அதில் ஒரு பாதி ஆர்கானோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆர்கான் எதோடும் சேராத மந்த வளி என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது சற்றே அதிர்ச்சி தரும். தாக்கும் முன் அந்தக் கொத்தில் நைட்ரஜன்-ஆர்கான் வேதிப்பிணைப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. துண்டுகள் இங்கே இருந்ததைக் காட்டவில்லை. அடிபட்ட பிறகு நடந்த வேதிவினையைக் காட்டுகின்றன. மிக நல்ல கண்டுபிடிப்பு, ஆனால் வடிவப் படமாக்கலின் கணக்கில் வராது.

எதிர்ப்பக்கத்தையும் அதே அளவு கவனத்தோடு பார்க்க வேண்டும். கூலூம் கணக்கு மிக மெல்லிய கொத்துகளில் அற்புதமாக வேலை செய்த இடமும் உண்டு. ஹீலியம் டைமரின் பிணைப்பாற்றல் 151.9 நானோ எலக்ட்ரான் வோல்ட் என்று 2016இல் பிராங்க்பர்ட் குழு அளந்தது, 13.3 நானோ எலக்ட்ரான் வோல்ட் பிழை வரம்போடு. ஆர்கான் டைமரின் பிணைப்பு இதைவிட எண்பதாயிரம் மடங்கு வலுவானது. அணுக்களிடைத் தூரம் நூறு ஆங்ஸ்ட்ராமையும் தாண்டி நீளும் அந்த அலைச் சார்பை அவர்கள் துண்டுகளின் ஆற்றலிலிருந்தே வரைந்துகாட்டினார்கள். அங்கு ஏன் பலித்தது? உடைத்தது கட்டற்ற எலக்ட்ரான் லேசரின் ஒளித்துடிப்பு. தூரம் மிகப் பெரிது. இரண்டு அணுக்களும் மின்னேற்றம் பெற்றபின் கூலூம் விலக்கைத் தவிர வேறெந்த விசையும் அவ்வளவு தொலைவில் பேசாது. அதோடு, அணுப் பீச்சை மிக நுண்ணிய கிராதியால் விளிம்பு விலகச் செய்து, டைமரை மட்டும் தனியே பிரித்தெடுத்தார்கள். இந்த வழியை 1994இல் ஷோல்கோஃப், டோன்னிஸ் இருவரும் கோட்டிங்கனில் திறந்துவைத்திருந்தார்கள்.

அந்தக் கடைசி வசதி அயனி மோதல் ஆய்வுகளில் பொதுவாக இல்லை. பீச்சில் டைமர், டிரைமர், நான்கணுக் கொத்து எல்லாம் கலந்தே வருகின்றன. மூன்றணுக் கொத்து ஒன்று அடிபட்டு, ஒரு நடுநிலை அணுவைச் சத்தமில்லாமல் உதிர்த்துவிட்டு, இரண்டு அயனிகளாக உடைந்தால் தகடு அதை டைமராகத்தான் பதியும். நடுநிலை அணு தகட்டில் தெரியாது. இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில் உந்த மாறாமை: இரண்டு அயனிகளின் உந்தங்களைக் கூட்டினால் சுழிக்கு அருகே வரவேண்டும், மூன்றாவது துண்டு ஒன்று போயிருந்தால் கூட்டல் சிதறும். நல்ல வடிகட்டிதான். உதிர்ந்த அணு மிக மெதுவாகப் போயிருந்தால் அந்த வடிகட்டியிலும் தப்பிவிடும். ஆகவே பீச்சின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் மாற்றி, முகட்டின் வடிவம் மாறவில்லை என்று காட்டிய ஆய்வுகளுக்கே நான் முழு மதிப்பெண் தருவேன்.

காலம் என்ற அளவுகோலில் அயனிக்குத் தோல்விதான். அதன் மோதல் ஒரு ஃபெம்டோ நொடிக்குள் முடிந்துவிடலாம், ஆனால் அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் இடையே குறித்த இடைவெளி வைக்க முடியாது. நீர் டைமரில் ஒரு புரோட்டான் அடுத்த மூலக்கூறுக்குத் தாவ ஏறக்குறைய 55 ஃபெம்டோ நொடி ஆகிறது என்பதை 2023இல் நேரடியாக அளந்தவர்கள், இரண்டு ஒளித்துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பித்தான் அளந்தார்கள். வடிவத்திலும் போட்டி கடுமையாகிவிட்டது. 2022இல் ஐரோப்பிய எக்ஸ்-கதிர் கட்டற்ற எலக்ட்ரான் லேசரில், பதினொரு அணுக்கள் கொண்ட அயடோபிரிடின் மூலக்கூறு முழுவதையும் வெடிக்கவைத்துப் படமெடுத்தார்கள்; ஹைட்ரஜன்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

அயனி மோதல் ஆய்வுகள் தம் அவசியத்துக்குச் சொல்லும் இன்னொரு காரணம் கதிர்வீச்சு உயிரியல். 2000இல் சான்ஷ் குழுவினர், 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களே டிஎன்ஏ இழைகளை அறுக்கும் என்று காட்டினார்கள். அயனிகள் கொத்துகளில் மெதுவான எலக்ட்ரான்களை மிகுதியாகப் பிறப்பிக்கின்றன என்று 2011இல் நியான் டைமரில் ஆல்ஃபா துகள் மோதலை ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். புற்றுநோய்க்கு அயனிக் கற்றைச் சிகிச்சை பெருகிவரும் காலத்தில் இந்தத் தொடர்பு கவனத்துக்குரியது. அதே நேரம் இரண்டு நியான் அணுக்கள் வெற்றிடத்தில் மிதக்கும் நிலைக்கும், ஒவ்வொரு மூலக்கூறையும் சுற்றி நான்கு அண்டைகள் நெருக்கும் திசு நீருக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. 2010இல் நீர்க் கொத்துகளிலும் அணுக்களிடைச் சிதைவைக் கண்ட பிறகு அந்தப் பள்ளம் சற்றே குறைந்திருக்கிறது. ஆயினும் இந்தச் சோதனைகள் நிறுவுவது அப்படியொரு வழி உண்டு என்பதை மட்டும். ஒரு கதிர்வீச்சு அளவில் அதன் பங்கு எவ்வளவு என்பதை அவை தரவில்லை. தருவதுபோல் முன்னுரையில் எழுதும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

இவ்வளவையும் எடைபோட்டபின் என் தீர்ப்பு இது. வலுவற்ற கொத்துகளின் வடிவத்தை அளக்கும் கருவியாக அயனி மோதலை நான் ஏற்கவில்லை. ஒற்றை முகட்டிலிருந்து 14.4ஐ வகுத்து ஒரு பிணைப்பு நீளம் எழுதும் கட்டுரை, அதே துண்டுகளைத் தரக்கூடிய வேறு வழிகளை எண்ணோடு ஒதுக்காதவரை, ஒரு ஊகத்தை அளவீடு என்று முன்வைக்கிறது. ஆனால் எலக்ட்ரான் எந்த அணுவிலிருந்து போனது, ஆற்றல் எந்த அண்டைக்குக் கைமாறியது, உடைவது ஒரே கட்டமா பல கட்டமா என்ற கேள்விகளுக்கு இதைவிடச் சிறந்த சாட்சி இன்று கிடையாது. அதற்கு ஒரே நிபந்தனை, மோதிய அயனியும் சாட்சிக்கூண்டில் ஏறவேண்டும். அது எத்தனை மின்னேற்றத்தோடு போனது, எந்தக் கோணத்தில் விலகியது என்ற இரண்டையும் பதியாத சோதனைகள், தம் கருவி தரக்கூடிய செய்தியில் பாதியை வீசிவிடுகின்றன. புதிதாக இப்படியொரு கருவியை அமைக்கும் குழுவுக்குப் பணம் ஒதுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால், இன்னும் பெரிய துண்டுத் தகட்டுக்கு முன்பாக, மோதிவிட்டுப் போகும் அயனியைப் பதியும் இரண்டாவது தகட்டுக்குத்தான் கையெழுத்திடுவேன்.